‘இங்கே வா’ என்பதற்குப் பதில்

(வெலிமடையில் தோட்டப்புற இளைஞர்களும் பெற்றோரும் கூடியிருந்த அவையில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இங்கே வரும் வழியில் சந்தைப் பக்கம் ஒரு லொறியில் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். போஞ்சி, கோவா, லீக்ஸ், கரட். நான் கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன். போஞ்சி என்ற சொல் ஒல்லாந்தரிடமிருந்து வந்தது. கோவா போர்த்துக்கீசரிடமிருந்து வந்தது. லீக்ஸும் கரட்டும் இங்கிலீஷ். வெலிமடை மண்ணில் விளைந்த ஒரு லொறி மரக்கறிக்குள் மூன்று தேசத்து மொழி ஏறிப் போகிறது.

வீட்டுக்குப் போனாலும் அதே கதைதான். லயம் என்கிறோமே, அது ‘லைன்’ என்ற இங்கிலீஷ் சொல். காம்பரா போர்த்துக்கீசச் சொல். முன்னால் குந்திப் பேசும் இஸ்தோப்பு ஒல்லாந்தச் சொல். விடியக் காலையில் பேர் கொடுக்கப் போகும் பெரட்டு, பட்டாளத்து ‘பரேட்’. எழுதப் படிக்கத் தெரியாத நம் பாட்டிமார் இந்தச் சொற்களையெல்லாம் காதால் வாங்கி, தமிழ் வாய்க்கு ஏற்ப மடக்கி, நமக்கு வீட்டுச் சொல்லாகக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். ஆகவே, வீட்டில் இருந்துகொண்டே பிற மொழி கற்க முடியுமா என்று இந்தக் கூட்டத்துக்கு அழைத்தவர்கள் என்னைக் கேட்டபோது, அதற்கான விடை நம் காம்பராவுக்குள்ளேயே இருக்கிறது என்றுதான் சொன்னேன். கற்க முடியும். எதற்காகக் கற்கிறோம், அந்த மொழியில் நம் வாயிலிருந்து என்ன வரவேண்டும் என்பதைத்தான் இன்றைக்குப் பேச வந்திருக்கிறேன்.

ஒரு புத்தகத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். 19ஆம் நூற்றாண்டில், சீமையிலிருந்து தோட்டத்துக்குப் புதிதாக வரும் சின்ன துரைமாருக்காகக் கொழும்பில் பெர்குசன் குடும்பத்தார் ஒரு சிறு தமிழ் வழிகாட்டியை வெளியிட்டார்கள். சட்டைப் பைக்குள் அடங்கும் புத்தகம். அதன் பெயர் ‘இங்கே வா’. பின்னர் 1915இல் வெல்ஸ் என்பவர் எழுதிய இன்னொன்று வந்தது. அதன் பெயர் ‘கூலித் தமிழ்’. தேயிலை, றப்பர் தோட்டத் தொழிலாளிக்கு விளங்கும் தமிழ் என்பது அதன் விளக்கம்.

அந்தச் சின்ன துரையும் வீட்டில் இருந்தபடி படித்தவர்தான். பகலில் மலையில் கேட்ட சொல்லை இரவில் பங்களாவில் விளக்கடியில் புத்தகத்தில் தேடியிருப்பார். அந்த உழைப்பை நான் குறைத்துச் சொல்லவில்லை. நன்றாகத் தமிழ் பேசி, நம் மக்களின் சுக துக்கம் கேட்ட துரைமாரும் இருந்தார்கள். என்றாலும் அந்தத் தலைப்பைக் கவனியுங்கள். ஒருவர் ஒரு மொழிக்குள் நுழையும் வாசலில் எழுதியிருப்பது ஒரு கட்டளை. ‘வாங்க’ கூட இல்லை, ‘வா’. பேச்சு என்றால் இரண்டு வாய் வேண்டும். இங்கே ஒரு வாய்க்கும் ஒரு சோடிக் காதுக்கும் மட்டும் மொழி கற்பிக்கப்பட்டது. கூப்பிட்டவர் பேசுவார், கூப்பிடப்பட்டவர் வருவார்.

அதற்கெல்லாம் வெகு காலம் முன்னால், 1706இல், தரங்கம்பாடியில் வந்து இறங்கிய சீகன்பால்கு என்ற ஜெர்மானியப் பாதிரியார் வேறு மாதிரி படித்தார். ஒரு வயதான திண்ணைப் பள்ளி வாத்தியாரைப் பள்ளியோடு தன் வீட்டுக்கே வரவழைத்தார். பிள்ளைகளோடு பிள்ளையாகத் தரையில் உட்கார்ந்து மணலில் விரலால் அனா, ஆவன்னா எழுதினார். சில ஆண்டுகளில் புதிய ஏற்பாட்டையே தமிழில் பெயர்க்கும் அளவுக்கு வந்துவிட்டார். அவருக்கும் ஒரு நோக்கம் இருந்தது, மதம் பரப்ப வந்தவர். ஆனாலும் மொழியின் முன்னால் அவர் தரையில் உட்கார்ந்தார். பிழை விட்டால் பக்கத்தில் இருக்கும் ஆறு வயதுப் பிள்ளை சிரிக்கும். அந்தச் சிரிப்பைத் தாங்கிக்கொண்டவருக்கு மொழி வந்தது.

‘இங்கே வா’ என்பதற்கு நம் பக்கத்திலிருந்து பதில் வரவே இல்லையா? வந்தது. மடக்கும்புரத் தோட்டத்தில் 1914இல் பிறந்த சி. வி. வேலுப்பிள்ளை, 1947இல் தலவாக்கலையிலிருந்து பாராளுமன்றத்துக்குப் போனவர், தேயிலைத் தோட்டத்து மக்களின் வாழ்வை 1954இல் இங்கிலீஷில் நீள்கவிதையாக எழுதி வெளியிட்டார். துரையின் மொழியை எடுத்து, துரைக்குக் கேட்கும்படி, நாங்கள் யார் என்று சொன்னார். அவர் பள்ளிக்கூடத்தில் படித்தவர். இருந்தும் இன்றைய பேச்சுக்கு அவர் பெயர் எனக்கு வேண்டும். பிற மொழி படித்த ஒருவர் அந்த மொழியில் என்ன செய்யலாம் என்பதற்கு அவரைவிட நல்ல சாட்சி மலையகத்தில் எனக்குத் தெரியாது.

இப்போது நம் பிள்ளைகளிடம் வருகிறேன்.

இன்றைக்கு ஒரு லயத்தில் மாலையில் நடந்து போனால், போனைக் கையில் வைத்துக்கொண்டு யாராவது ஒரு தம்பி கொரிய மொழிச் சொற்களை முணுமுணுப்பது கேட்கிறது. தென்கொரியா 2004 முதல் வேலை அனுமதி முறையில் வெளிநாட்டுத் தொழிலாளரை எடுக்கிறது. இலங்கையும் அதில் ஒரு நாடு. போவதற்கு முதல் படி மொழித் தேர்வு. அதற்கென்றே கொரியாவின் மனிதவள நிறுவனம் 60 பாடங்கள் கொண்ட பாடநூலை வெளியிட்டிருக்கிறது. ஒலிப்பதிவோடு இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. புத்தகம் இருக்கிறது, போன் இருக்கிறது, ஆசை இருக்கிறது.

ஆனால் வகுப்புகள் பெரும்பாலும் சிங்களத்தில் நடக்கின்றன. கொரியச் சொல்லைச் சிங்களத்தில் விளங்கி, சிங்களத்தைத் தமிழில் விளங்கி, பிறகு மனதில் வைக்கிறான் நம் பிள்ளை. பக்கத்து வீட்டுக்குப் போகப் பதுளை வரைக்கும் போய்த் திரும்புவது மாதிரி. நேர்வழி ஒன்று இருக்கிறது. அதை இன்றைக்குக் கொஞ்சம் நடந்து பார்ப்போம், ஏனென்றால் இது எனக்கு மிகவும் பிடித்த இடம்.

நான் வீட்டில் சோற்றைச் சாப்பிடுகிறேன். இதைக் கொரிய மொழியில் சொன்னால்: நா-நுன், சிப்-எசொ, பாப்-உல், மொகொயோ. நா என்றால் நான். சிப் என்றால் வீடு, அதோடு ஒட்டிய எசொ நம்முடைய ‘இல்’. பாப் என்றால் சோறு, ஒட்டிய உல் நம்முடைய இரண்டாம் வேற்றுமை ‘ஐ’. கடைசியில் வினை. ஒரு சொல்லையும் இடம் மாற்ற வேண்டியதில்லை. தமிழ் வாக்கியத்தின் மேல் கொரிய வாக்கியத்தை வைத்தால் ஓட்டுக்கு மேல் ஓடு மாதிரி உட்காருகிறது. இங்கிலீஷ் படித்தபோது வினையைத் தூக்கி நடுவில் வைக்க நாம் எவ்வளவு சிரமப்பட்டோம்? இங்கே அந்தச் சிரமமே இல்லை.

அம்மாவுக்கு அவர்களும் ஓம்மா என்கிறார்கள், அப்பாவுக்கு ஆப்பா என்கிறார்கள். ஹல்பர்ட் என்ற அமெரிக்கர் கொரிய மொழியையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டு 1905இலேயே ஓர் இலக்கணம் எழுதினார். இவை ஒரு தாய் மக்கள் என்று மொழியியலாளர்கள் ஏற்றுக்கொள்ளவில்லை. அம்மா, அப்பா போன்ற சொற்கள் உலகத்தில் பல மொழிகளில் ஒன்றுபோல அமைவதுண்டு. உறவு இருக்கிறது என்று பெருமை பேசி நேரத்தை விடாதீர்கள். அமைப்பு ஒத்துப்போகிறது, அது நமக்குக் கிடைத்த லாபம். அந்த லாபத்தை எடுத்துக்கொள்வோம்.

ஒலியிலும் ஒரு லாபம் உண்டு. ‘கல்’ என்று சொல்லுங்கள். இப்போது ‘தங்கம்’ என்று சொல்லுங்கள். இரண்டிலும் ஒரே க. ஆனால் முதலில் வல்லொலி, ங-வுக்குப் பின்னால் மென்மை. யாராவது உங்களுக்குச் சொல்லித் தந்தார்களா? வாய் தானாகச் செய்கிறது. கொரிய மொழியிலும் அப்படியே. இறைச்சிக்குக் கொகி என்பார்கள். முதல் எழுத்தும் இரண்டாம் எழுத்தும் ஒரே எழுத்து, நடுவில் வருவது மெலிந்து ஒலிக்கும். நண்பனுக்குச் சின்கு என்பார்கள், அந்தக் கு-வும் மெலியும். மற்ற நாட்டவர் விதியாக மனனம் செய்வதை நம் வாய் தாய்ப்பாலோடு படித்திருக்கிறது. நமக்குக் கஷ்டமானது வேறு. மூச்சை ஊதிச் சொல்லும் க, த, ப அவர்களுக்குத் தனி எழுத்து, நமக்கு அந்த ஒலி பழக்கமில்லை. வாய்க்கு முன்னால் ஒரு கடதாசித் துண்டைப் பிடித்துக்கொண்டு சொல்லுங்கள். கடதாசி ஆடினால் சரி, ஆடாவிட்டால் திரும்பச் சொல்லுங்கள்.

எழுத்தைப் பற்றி ஒன்று. கொரிய எழுத்தை உருவாக்கியவர் சேஜோங் என்ற மன்னர். 1446இல் மக்களுக்கு அறிவித்தார். அதற்கு முன் அங்கே சீன எழுத்துத்தான், படித்த பெருங்குடிக்கு மட்டும் உரியது. சாதாரண சனம் தன் குறையை எழுதிச் சொல்ல வழியில்லை என்பதற்காகவே எளிய எழுத்து செய்தார். இன்றைக்கு அடிப்படை எழுத்து 24. நம் உயிர்மெய் மாதிரி மெய்யும் உயிரும் சேர்ந்து ஒரு கட்டாக நிற்கும். ஒரு வாரத்தில் பிடித்துவிடலாம். அந்த ஒரு வாரத்துக்குப் பிறகு கொரியச் சொல்லைத் தமிழ் எழுத்திலோ சிங்கள எழுத்திலோ எழுதி வைக்காதீர்கள். எழுதினால் கண் பழைய எழுத்துக்கே ஓடும், ஒலி கெட்டுவிடும். இன்று நான் தமிழ் எழுத்தில் சொல்வதெல்லாம் வாசல் வரைக்கும்தான்.

இங்கே எனக்கு மனம் கனக்கிற விஷயத்துக்கு வருகிறேன். அந்தத் தேர்வு வாசிப்பையும் கேட்டலையும் சோதிக்கிறது. வாய் திறந்து பேசும் பகுதி அந்தத் தாளில் இல்லை. எனவே பிள்ளைகள் வாய் திறக்காமலே படிக்கிறார்கள். படத்தைப் பார்த்து விடையைக் குறிக்கத் தெரியும், மெஷினின் பெயர் தெரியும், எச்சரிக்கைப் பலகை தெரியும். கேட்டால் விளங்கும், பதில் வராது. யோசித்துப் பாருங்கள். சட்டைப் பைப் புத்தகத்தின் மறுபாதி இது. அன்றைக்கு துரைக்குக் கட்டளை போடக் கற்பித்தார்கள். இன்றைக்கு நம் பிள்ளை கட்டளை விளங்கத் தானே கற்றுக்கொள்கிறான். கொரிய மொழியில் ‘இங்கே வா’ என்பதை எப்படிச் சொல்வார்கள் தெரியுமா? இரி வா. கடைசிச் சொல் அப்படியே நம் வா. மரியாதையாகக் கூப்பிட்டால் ஒசெயோ என்று வரவேண்டும், நம் ‘வாங்க’ மாதிரி. எந்த வா-வில் தன்னைக் கூப்பிடுகிறார்கள் என்று தெரிந்துகொள்வதும் மொழி அறிவுதான்.

ஆகவே தேர்வுக்குப் படிக்கும் தம்பி தங்கைகளிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். வணக்கத்துக்கு அடுத்தபடியாக இவற்றை வாய்ப்பாடமாக்குங்கள். வலிக்கிறது என்பதற்கு அபாயோ, அந்தப் ப-வை ஊதிச் சொல்ல வேண்டும். நமக்கு அபாயம் என்ற சொல் இருப்பதால் மறக்காது. என்னால் முடியாது என்பதற்கு மோத்-ஹேயோ. மெதுவாகச் சொல்லுங்கள் என்பதற்குச் சொன்சொன்ஹி மல்ஹே ஜுசெயோ. சம்பளத்துக்கு வொல்குப். என் கை நசுங்கிவிட்டது, இந்த மாதச் சம்பளம் குறைகிறது, எனக்கு இது விளங்கவில்லை, இதில் கையெழுத்து வைக்க மாட்டேன்: இந்த நான்கையும் அந்த மொழியில் தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்ல வரவேண்டும். பாடநூலில் 60 பாடம் இருக்கலாம். 61ஆவது பாடம் இதுதான், இதை வீட்டில் நீங்களே எழுத வேண்டும்.

கொரிய மொழிக்கு முன்னால் சிங்களம். அதை அந்நிய மொழி என்று சொல்ல எனக்கு மனமில்லை, பக்கத்து வீட்டு மொழி. நம் பெண்கள் சந்தையில் ‘கீயத’ என்று விலை கேட்டு, பேரம் பேசி, சண்டையும் பிடித்துச் சமாதானமும் ஆவார்கள். தோட்டத்தில் வேலை குறைந்த நாட்களில் சிங்கள விவசாயிகளின் கிழங்குத் தோட்டத்தில் கைக்காசுக்கு வேலை செய்கிறவர்கள் அங்கேயே மொழியைப் பிடித்துக்கொண்டார்கள். ஆனால் காதும் வாயும் கற்றதைக் கண் கற்கவில்லை. எழுத்து தெரியாது.

அதன் விலை என்ன என்று எனக்குத் தெரியும். என் பிறப்பைப் பதிய என் அப்பா ஓர் அலுவலகத்துக்குப் போனார். எழுதியவர் சிங்களத்தில் எழுதினார். அப்பாவின் பெயரில் இரண்டு எழுத்து மாறிப்போனது. அப்பா நன்றாகச் சிங்களம் பேசுவார், எழுதியதை வாசிக்கத் தெரியாது. கையெழுத்து வைத்துவிட்டு வந்தார். அடையாள அட்டை எடுக்கப் போன வயதில்தான் அது வெளியே வந்தது. திருத்த நான் நடந்த நடையை எண்ணவில்லை. அந்த ஒரு நிமிடத்தில் அப்பாவுக்கு வாசிக்கத் தெரிந்திருந்தால், “மாத்தையா, இந்த எழுத்து பிழை” என்று அங்கேயே சொல்லியிருப்பார்.

சட்டம் நம் பக்கம் இல்லாமல் இல்லை. 1987இல் 13ஆவது திருத்தத்தோடு தமிழும் அரச கரும மொழி ஆயிற்று. 2007 யூலைக்குப் பிறகு அரச சேவையில் சேர்கிறவர்கள் மற்ற மொழியையும் கற்றுத் தேற வேண்டும் என்று சுற்றறிக்கை இருக்கிறது. பதுளை மாவட்டத்தில் பல பிரதேச செயலகப் பிரிவுகள் இருமொழிப் பிரிவுகள். தமிழில் படிவம் கேட்பது உங்கள் உரிமை, கேளுங்கள், விடாமல் கேளுங்கள். அதே நேரம் சிங்களமும் வாசியுங்கள். ஒன்று மற்றதற்கு எதிரி என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

நான் சிங்களம் வாசிக்கக் கற்றது 31 வயதில். வகுப்புக்குப் போகவில்லை. என் குரு புகையிரதப் பாதை. அப்புத்தளையிலிருந்து பதுளைக்கு அடிக்கடி போய்வர வேண்டியிருந்தது. ஒவ்வொரு நிலையத்திலும் பெயர்ப்பலகை மூன்று எழுத்தில் நிற்கும். ஊர்ப் பெயர் எனக்குத் தெரியும், ஆகவே விடை கையில் இருக்கிறது, கேள்வியைப் படிப்பதுதான் வேலை. அப்புத்தளை, தியத்தலாவை, பண்டாரவளை, எல்ல, ஹாலிஎல, பதுளை. இந்த ஆறு பெயரிலும் சிங்களத்தில் ஒரே ல வருகிறது. தமிழில் சிலவற்றுக்கு ள போடுகிறோம், அங்கே அதே ல. மூன்றாவது பயணத்தில் அந்த எழுத்து எனக்கு முகம் தெரிந்த ஆள் ஆகிவிட்டது. அடுத்து, அப்புத்தளையின் சிங்களப் பெயரில் முதலில் வரும் ஹ ஹாலிஎலவில் வந்து நின்றது. பஸ் பலகையில் வெலிமடையின் ம கிடைத்தது. பிறகு கடைப் பெயர், மருந்துச் சீட்டு, பிள்ளையின் இரண்டாம் மொழிப் பாடப்புத்தகம். ஒரு வருடம் எடுத்தது. புத்திசாலிக்கு இன்னும் குறைவாக எடுக்கும்.

ஒரு நிமிடம் இந்த மூன்று வாக்கியத்தையும் சேர்த்துக் கேளுங்கள். நான் வீட்டுக்குப் போறேன். மம கெதர யனவா. நா-நுன் சிபெ காயோ. தமிழ், சிங்களம், கொரியம், மூன்றும் ஒரே நடை. சிங்களம் நன்றாக வந்தவனுக்குக் கொரியம் மூன்றாவது தடவை அதே பாதையில் நடப்பது.

படிக்கும் முறை பற்றி நிறையப் பேர் கேட்டார்கள். எனக்குப் பெரிய ரகசியம் ஒன்றும் தெரியாது. ஒரு நாளைக்கு மூன்று மணி நேரம் உட்கார்ந்து அடுத்த மூன்று நாள் விடுவதைவிட, பெரட்டுக்குப் போகுமுன் இருபது நிமிடமும் இரவில் இருபது நிமிடமும் மேல். எபிங்ஹவுஸ் என்ற ஜெர்மானியர் 1885இல் தன்னையே சோதித்துக் காட்டினார். படித்தது முதல் நாளில்தான் வேகமாக மறந்து போகிறது, இடைவெளி விட்டுத் திரும்பத் திரும்பத் தொட்டால் தங்கிவிடுகிறது. கொழுந்து எடுப்பதும் அப்படித்தானே, ஒரு மலையை ஒரே நாளில் முடித்துவிட்டு மறந்துவிட முடியுமா, சுற்று வந்துகொண்டே இருக்க வேண்டும். ஒலிப்பதிவைக் கேட்டு, அது முடியுமுன் அதன் பின்னாலேயே சத்தமாகச் சொல்லுங்கள். சத்தமாக. லயத்தில் சுவர் மெல்லிசு, பக்கத்துக் காம்பராவுக்குக் கேட்கும், சிரிப்பார்கள். சீகன்பால்குவைப் பார்த்தும் சிரித்திருப்பார்கள். பெற்றோரே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். பிள்ளை என்ன சொல்கிறது என்று விளங்காவிட்டாலும் எதிரே உட்கார்ந்து கேளுங்கள். கேட்கும் காது இல்லாமல் வாய் வளராது.

கடைசியாக எங்கள் லயத்து அக்கா ஒருவரைப் பற்றி. தொண்ணூறுகளில் வீட்டு வேலைக்குக் குவைத்துக்குப் போனவர். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. திரும்பி வந்தபோது அரபு மொழி சரளமாகப் பேசினார். அதை யாரும் படிப்பு என்று எண்ணவில்லை, அவரும் எண்ணவில்லை. எப்படி அக்கா படித்தீர்கள் என்று கேட்டேன். “முதல்ல படிச்ச சொல்லு ‘தஆலி’ தம்பி. இங்கே வான்னு அர்த்தம். நாலு பக்கமும் அதுதான் கேக்கும். குசினியிலருந்து தஆலி, மாடியிலருந்து தஆலி. ஓடிக்கிட்டே இருப்பேன். அந்த வீட்டுச் சின்னப் பொண்ணு ஒருநாள் தாய் கூப்பிட்டப்போ ‘லஹ்ழா’ன்னுச்சு. கொஞ்சம் பொறுங்கன்னு. அன்னைக்கு ராத்திரி அதைப் படுத்துக்கிட்டே சொல்லிப் பார்த்தேன். ரெண்டு நாள் கழிச்சி, கையில சுடு எண்ணெய்ச் சட்டி, மேலருந்து தஆலி. நான் நின்னு ‘லஹ்ழா, மேடம்’ன்னேன். மேல சத்தம் நின்னு போச்சு. சட்டியை இறக்கி வச்சிட்டு மெதுவா ஏறிப் போனேன்.”

இப்போது அந்த அக்காவின் தங்கை மகன் கொரியத் தேர்வுக்குப் படிக்கிறான். எதிரே உட்கார்ந்து கேட்கிறவர் அவர்தான். போன கிழமை நான் அங்கே போயிருந்தபோது, “ஏன்டா, லஹ்ழாவுக்கு உன் பாசையில என்ன?” என்று கேட்டார். அவனுக்குத் தெரியவில்லை. பாடநூலைப் புரட்டினான், பிறகு போனில் தேடினான். சம்கன்மன்யோ என்றான். “இன்னொருதரம் சொல்லு” என்றார். அவன் சொன்னான். அக்கா அடுப்பில் கிடந்த தேத்தண்ணியை இறக்கி வைத்துவிட்டு, தானும் மூன்று தரம் சொல்லிப் பார்த்தார்.